ஏழாவது வாசலில் நிற்பவள்

எனக்கு வீடியோ கேம் பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. ஐம்பத்திரண்டு வயதில், வேலை முடிந்து வந்து முகம்கூடக் கழுவாமல் டிவி முன்னால் உட்கார்ந்து கன்ட்ரோலரைப் பிடித்தவள் பேசுகிற பேச்சா இது என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் போங்கள். நான் என் மகளைப் பார்ப்பதற்காகப் பிடித்தேன்.

அவள் இருபத்து நான்கு வயதில் போய்விட்டாள். மழை விட்ட ஒரு காலை, வேலைக்குப் போகிற வழி, ஒரு லாரி. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

வீட்டுக்காரர் அவளை 'வாலு' என்றுதான் கூப்பிடுவார். பழைய கேம் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கடையில் அவளுக்கு வேலை. கூட வேலை பார்த்த பெண்ணுக்கு அவள் வைத்த பேர் சோடாபுட்டி. அந்தக் கண்ணாடியின் தடிமனைப் பார்த்தால் உங்களுக்கும் வேறு பேர் தோன்றாது. இரண்டும் சேர்ந்து, தங்களைவிட வயதில் மூத்த ஒரு பெட்டியைக் குப்பையிலிருந்து பொறுக்கி உயிர் கொடுத்தார்கள். அதில் ஓடுகிற ஒரே கேசட் 'ஏழு வாசல்'. ஒரு வாள்காரன், ஒரு வில்காரி, ஒரு மந்திரக்காரி, ஒரு வைத்தியன். நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு ஏழு வாசலைத் தாண்ட வேண்டும். நாம் ஒரு முறை அடித்தால் எதிரி ஒரு முறை அடிப்பான். அவ்வளவுதான் விளையாட்டு.

அதில் எதிரிகளுக்கு மூளை கொஞ்சம் மட்டம். முதல் வாசலில் நிற்கும் வில்லாளி, செத்து விழுந்தவன் மேலேயே திரும்பத் திரும்ப அம்பு விடுவான். மூன்றாம் வாசல் சூனியக்காரி, ஏற்கெனவே தூங்குகிறவனைத் தூங்க வைக்க மந்திரம் போடுவாள். வாலு விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் அடுப்படியில் இருந்தபடியே கேட்பேன்:

"செத்தவனைச் சுடறவன் முட்டாள்னா, அவனோட நாள் முழுக்க மல்லுக்கட்டற நீ யாருடி?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இப்போது நினைத்தால் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவள் போய் ஒரு மாதம் கழித்து சோடாபுட்டி வீட்டுக்கு வந்தாள். பெட்டியைப் போட்டுப் பார்த்தவள் அழுதுகொண்டே சொன்னாள்.

"ஆன்ட்டி, ஏழாவது வாசல்ல நிழல்னு ஒண்ணு நிக்கும். நாம எப்படிச் சண்டை போடறோம்னு இந்த கேம் ஆரம்பத்துலேர்ந்து குறிச்சு வெச்சுக்கிட்டே வரும். அந்த நிழல் நம்ம மாதிரியே நம்மகிட்ட சண்டை போடும். இவ ஆறாவது வாசல் வரைக்கும் வந்து சேவ் பண்ணி வெச்சிருக்கா. அதனால ஏழாவதுல நிக்கிறது இவளோட நிழல்தான்."

"அவளை மாதிரியேவா?"

"அச்சு அசல்."

போன பிள்ளையின் போட்டோ இருக்கும், துணிமணி இருக்கும். ஆனால் அவள் யோசித்து ஒரு காரியம் செய்வதை மறுபடியும் கண்ணால் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் எந்தத் தாய்தான் சும்மா இருப்பாள்?

"ஆறாவது காவல்காரனை நான் தாண்டி விட்டுடறேன் ஆன்ட்டி. ஒரு சாயங்காலம் போதும்," என்றாள். "இல்லேன்னா கேசட்டைக் கொடுங்க, கடையில வெச்சு இவ சேவ் பண்ணினதை ஒரு நகல் எடுத்துடறேன்."

"அவ தொட்ட சாமான் ஒண்ணும் இந்த வீட்டு வாசப்படியைத் தாண்டாது," என்று சீறினேன். "விளையாடறதுன்னா நானே விளையாடறேன். எப்படின்னு மட்டும் சொல்லிக் கொடு."

அவள் பயந்துபோய்ச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நான் மருந்துக்கடையில் இருபத்தாறு வருஷமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். சீட்டை இரண்டு தடவை படிக்காமல் ஒரு மாத்திரையைக்கூடக் கையில் எடுத்ததில்லை. விளையாட்டிலும் அதே கைதான். ஆறாவது வாசலுக்கு முன்னால் ஒரு காடு. அங்கே ஓநாய்களோடு சண்டை போட்டுப் பழகினேன். ஒவ்வொரு சண்டை முடிந்ததும் சேவ். சேவ் ஆகிவிட்டதா என்று மறுபடி ஒரு தடவை பார்ப்பேன். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். முதலில் பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வாரத்தில் பேப்பர் கீழே இறங்கியது.

"அந்த வைத்தியனை ஏன் முன்னாடி நிறுத்தறே? பாவம், அவன்தான் முதல்ல அடி வாங்கறான்."

"நீங்க லிஃப்டைப் பாருங்க."

ஆனாலும் வைத்தியனைப் பின்னால் தள்ளினேன்.

ஆறாவது காவல்காரன் என்னை முப்பது தடவைக்கு மேல் மண்ணைக் கவ்வ வைத்தான். பிறகுதான் அவனுடைய கோணல் புத்தி பிடிபட்டது. கடைசியாக யார் மருந்து குடித்தார்களோ அவர்களைத்தான் அடிப்பான். அடி வாங்கி நொந்தவளுக்கு நான் மருந்து கொடுக்க, அவளையே அவன் மறுபடி போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தான். சரி என்று, கேடயத்தோடு கல்லுக்குண்டு மாதிரி நிற்கும் வாள்காரனுக்கு, ஒரு கீறல்கூட இல்லாதபோதே ஒவ்வொரு முறையும் மருந்து கொடுத்தேன். நோய் இல்லாதவனுக்கு மருந்து கொடுப்பது என் தொழிலில் பாவம். அங்கே அதுதான் பலித்தது. அந்த வழக்கத்தைக் கை மறக்கக் கூடாதென்று காட்டிலும் ஓநாய்களோடு அப்படியே பழகினேன். தினமும் நாலைந்து சண்டை. நாலு மாதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காவல்காரன் சாய்ந்தான். உடனே உள்ளே போகவில்லை. எழுந்து முகம் கழுவினேன், தலை வாரினேன், வேறு புடவை கட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் தன் நாற்காலியைத் தூக்கிவந்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

ஏழாவது வாசல் திறந்தது. எங்கள் நான்கு பேருக்கு எதிரே நான்கு கறுப்பு உருவங்கள். முதல் முறையை அதற்கே விட்டுக்கொடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

நிழல் வைத்தியன், ஒரு கீறலும் இல்லாத நிழல் வாள்காரனுக்கு மருந்து கொடுத்தான்.

ஏதோ தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த முறை அந்த நிழல் வாள்காரன் கேடயத்தைத் தூக்கிக்கொண்டான். அதற்கடுத்த முறை மறுபடியும் மருந்து. பின்வரிசையில் நிழல் மந்திரக்காரி சக்தியைத் துளிகூடச் செலவழிக்காமல், பிறகு உதவும் என்று பத்திரப்படுத்திக்கொண்டு நின்றாள்.

"இது வாலு இல்லம்மா," என்றார் அவர் மெதுவாக. "இது நீ."

சோடாபுட்டிக்குப் போன் போட்டேன். சத்தமாகக் கேட்கும்படி மேசைமேல் வைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் எதையோ தேடி முணுமுணுவென்று படிப்பது கேட்டது.

"ஆன்ட்டி, அது எல்லா சண்டையையும் வெச்சுக்காதாம். கடைசி நூறைத்தான் வெச்சுக்குமாம். புதுசு ஒண்ணு சேவ் ஆனா பழசுல ஒண்ணு போயிடும். சத்தியமா எனக்கு இது தெரியாது ஆன்ட்டி."

அழுதாள். அவளைத் திட்ட வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன். நகல் எடுத்துத் தருகிறேன் என்று சொன்னவளை விரட்டியது யார்? ஒரு சாயங்காலத்தில் முடித்துத் தருகிறேன் என்றவளை வேண்டாம் என்றது யார்? என் மகளை நானே தினம் நாலைந்தாக அழித்திருக்கிறேன். அழிந்துவிட்டாளா என்று இரண்டு தடவை சரிபார்த்தும் இருக்கிறேன். முதல் மாதத்திலேயே அவள் முழுசாகப் போயிருப்பாள். மிச்ச மூன்று மாதமும் அவளைப் பார்க்கப் போகிறேன் என்ற ஆசையில் இருந்திருக்கிறேன்.

போனில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சோடாபுட்டி சொன்னாள்: "ஆன்ட்டி, ஒரு வழி இருக்கு. அவ எப்படி விளையாடுவாளோ அப்படியே நீங்க ஒரு நூறு சண்டை போடுங்க. உங்களது அத்தனையும் போயிடும். நிழல் மறுபடியும் அவளா ஆயிடும்."

வீட்டுக்காரர் எழுந்து ஒரு தாளும் பென்சிலும் எடுத்துவந்தார். "போடு. நான் எண்ணறேன்."

வாசலை விட்டு வெளியே வந்து காட்டுக்குப் போனேன். ஒரு ஓநாய் எதிர்ப்பட்டது. வாலுவின் முதல் முறை எனக்குத் தெரியும். இருக்கிற சக்தியை எல்லாம் ஒரே மூச்சில் நெருப்பாகக் கொட்டிவிடுவாள். 'எரிச்சுத் தள்ளு' என்று அவள் கத்துவது தெருமுனை வரைக்கும் கேட்கும். என் கை கூசியது, ஆனாலும் கொட்டினேன். திரை முழுக்க நெருப்பு. ஓநாய் பாதி உயிரோடு நின்றது.

இரண்டாவது முறை. மந்திரக்காரியிடம் சக்தி இல்லை. என்ன செய்யப் போகிறாய் என்று திரை கேட்டது.

மருந்து கொடுப்பாளா? ஓடிவிடுவாளா? வெறும் கையால் அடித்துவிட்டுச் சிரிப்பாளா? துவைத்த துணியைத் தூக்கிக்கொண்டு அவள் விளையாடும் அறையைக் குறுக்கே கடக்கும்போது பார்த்ததுதான் எனக்குத் தெரிந்ததெல்லாம். நெருப்பு பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அது அணைவதற்குள் ஏதாவது சொல்லித் திட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போயிருப்பேன்.

"அடுத்தது என்ன பண்ணுவா?" என்று அவரைக் கேட்டேன்.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள அவ விளையாடி முடிச்சிருப்பாளே. உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

மேசைமேல் போன் இன்னும் அணையாமல் இருந்தது. அதில் இருந்தவளிடமும் அதையே கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும் ஆன்ட்டி?" என்றாள் சோடாபுட்டி. "அவ வீட்ல வெச்சுத்தானே விளையாடுவா. நீங்க பக்கத்துல இருந்திருப்பீங்கன்னு நினைச்சேன்."

நாங்கள் பதில் சொல்லும்வரை அந்த ஓநாய் கடிக்காது. எவ்வளவு நேரமானாலும் அப்படியே நிற்கும். நான் கன்ட்ரோலரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.