சுண்ணாம்புக் கை

அர்த்தநாரி மருந்து பாட்டிலை நீட்டினான். அந்த அம்மாள் வாங்கவில்லை. இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, அவன் தோளுக்கு மேலாகக் கடைக்குள் எட்டிப் பார்த்தாள். சேந்தமங்கலம் தாண்டி மலையடிவாரத்திலிருந்து வந்தவள். மகனுக்கு முறைக்காய்ச்சல். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து, தராசில் நிறுத்து, அவுன்ஸ் கிளாஸில் அளந்து, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்டும்படி கோடு கோடாகக் கத்தரித்த காகிதத்தைப் பாட்டிலின் ஓரத்தில் ஒட்டி, அடியில் ஒரு லேபிளும் ஒட்டித் தன் கையெழுத்தையும் போட்டிருந்தான். அதற்கு மேல் ஒரு மருந்துக்கு என்ன செய்ய வேண்டும்?

"இந்தாங்க, புடிங்க."

"அது அங்கியே இருக்கட்டுங்க சாமி. அவரு வரட்டும்."

"எவரு?"

"அவருதானுங்க. வெத்தல போடுவாரே."

கைலாசம் வெற்றிலை வாங்கக் குளக்கரைப் பக்கம் போயிருந்தான். போனால் சீக்கிரம் வருகிற ஆள் இல்லை. வழியில் நாலு பேரிடம் நின்று சேம லாபம் விசாரிக்காமல் அவனுக்குத் தெருவைக் கடக்க முடியாது. அந்த அம்மாள் நடைபாதையில் உட்கார்ந்துகொண்டாள். மகன் காய்ச்சலில் கிடக்கிறான், ஊர் வெகு தூரம், ஆனாலும் உட்கார்ந்திருந்தாள். ஒரு வழியாகக் கைலாசம் வந்தான். ஐம்பது வயது, தொப்பை, சிவந்த வாய். மேஜை மேலிருந்த பாட்டிலை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். ஏதோ அவனே கலக்கியதைப்போல ஒருமுறை தலையை ஆட்டினான். கண்ணில் ஒற்றிக்கொண்டு அவள் கையில் வைத்தான்.

"போங்க அம்மிணி. நீங்க ஊடு போய்ச் சேரங்காட்டியும் பையன் எந்திரிச்சு உக்காந்து சோறு கேப்பான் பாருங்க."

அவள் முகம் மலர்ந்து போயிற்று. பாட்டிலின் தோளில் கைலாசத்தின் கட்டைவிரல் பதிந்த சுண்ணாம்புத் தடம் வெள்ளையாக இருந்தது. அதை அவள் முந்தானையால் மூடி எடுத்துப் போனாள்.

அர்த்தநாரி அந்தக் கடைக்கு வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் காடு தோட்டம் உள்ள குடும்பம். தகப்பனாரிடம் மன்றாடிப் பட்டணம் போய், மெஸ் சோற்றைத் தின்று, இங்கிலீஷும் லத்தீனும் கலந்த மருந்துப் பெயர்களை உருப்போட்டு, பரீட்சை தேறி வந்தவன். அந்தச் சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருந்தான். முதலாளி பாலசுந்தரம் வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுவார். அவர்களும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லாருக்குதுங்க. கைலாசம் எங்கீங்க?" என்பார்கள். பாஸ் செய்த கெமிஸ்ட் என்று அவன் எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும், ஊர் வாயில் அவன் கம்பவுண்டர்தான். அதுவும் 'புதுக் கம்பவுண்டர்'.

கைலாசத்துக்கு ஒரு மருந்தின் பெயர்கூடப் படிக்கத் தெரியாது. தெரியாதது ஒன்றும் குற்றமில்லை, ஆனால் அவன் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதுதான் அர்த்தநாரிக்குப் பொறுக்கவில்லை. பாட்டில் கழுவவும் பெட்டி பிரிக்கவும் சேர்ந்த ஆள். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வளையல் வியாபாரியின் குழந்தையைப் பிழைக்காது என்று சொல்லிவிட்டார்களாம். அதற்கான மருந்தை அன்று இவன் எடுத்துக் கொடுத்தானாம், மறுநாள் குழந்தை தொட்டிலில் எழுந்து நின்றதாம். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது கைராசி. அந்த மருந்தைக் கலந்தவர் யார் என்று அர்த்தநாரி ஒருநாள் முதலாளியைக் கேட்டான். "பழைய கம்பவுண்டர்தான் தம்பி, பேரு என்னமோ... நல்ல மனுசன், போய்ச் சேந்துட்டாரு" என்றார் அவர். பேர்கூட மிஞ்சவில்லை. அன்று இரவு அர்த்தநாரிக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றெரிச்சலுக்கு நாலு விதமாக மருந்து கலக்கத் தெரிந்தவன், தன் வயிற்றெரிச்சலை வைத்துக்கொண்டு அப்படியே படுத்துக்கொண்டான்.

அது பொறாமைதான். அவனும் வேறு பெயர் வைத்துத் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. யுத்தம் வந்து ஜாவாவிலிருந்து காய்ச்சலுக்கான கொயினா மருந்து வருவது நின்றுபோன காலம். இருக்கிற கொஞ்சத்தைத் துளி சிந்தாமல் பங்கிட்டு, ஊர்க் காய்ச்சலுக்கெல்லாம் கலந்து கொடுக்கிறவன் அவன். நன்றியெல்லாம் எதிரே நிற்கிற வெற்றிலை வாய்க்குப் போயிற்று. தை மாதத்தில் கைலாசத்துக்கு வந்த அவரைக்காயும் கடலைக்காயும் கடைக்குள் குவிந்து கிடந்தன. "கம்பவுண்டரய்யா, நீங்களும் ரண்டு படி எடுத்துட்டுப் போங்க" என்று அவன் தாராளமாகச் சொன்னான். அர்த்தநாரி எடுக்கவில்லை.

முதலில் சுண்ணாம்பில் ஆரம்பித்தான்.

"கைலாசண்ணா, மருந்து பாட்டில சுண்ணாம்புக் கையோட தொடாதீங்க. அசிங்கமா இருக்குதில்ல?"

"சுண்ணாம்பு என்னங்க பண்ணும்? உள்ளயா போவுது?" என்று சிரித்தான் கைலாசம். அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே ஒருவனை வெறுப்பது எவ்வளவு சிரமம் என்று அர்த்தநாரிக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு துணியை நனைத்து மேஜையில் வைத்துக்கொண்டான். கைலாசம் தொட்ட பாட்டில்களை ஆட்கள் வாங்குவதற்கு முன்னால் பிடுங்கித் துடைத்துக் கொடுத்தான். துடைத்ததை அவர்கள் மறுபடி கைலாசத்திடம் நீட்டினார்கள்.

பிறகு முதலாளியிடம் போனான். படித்துத் தேறியவன் கையாலேதான் மருந்து வெளியே போக வேண்டும், பட்டணத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், சர்க்காரும் சட்டம் போட்டுவிட்டது, நாளைக்கு எவனாவது ஆபீஸர் வந்து கேட்டால் கடைக்குத்தான் கெட்ட பெயர் என்று ஒப்பித்தான். பாதி உண்மை, பாதி அவன் எரிச்சல். முதலாளிக்குச் சட்டம் என்றால் பயம். கைலாசத்தைப் பின்கட்டுக்கு அனுப்பினார். இனிமேல் பாட்டில் கழுவுவது, கல்வத்தில் மருந்து இடிப்பது மட்டும்தான் அவன் வேலை.

நாலைந்து நாள் அர்த்தநாரி நிம்மதியாக இருந்தான். ஆட்கள் அவன் கையிலிருந்தே வாங்கினார்கள். முணுமுணுக்காமல் வாங்கினார்கள் என்பதே அவனுக்குச் சந்தேகத்தைக் கொடுத்திருக்க வேண்டும். ஒருநாள் மோகனூர்க்காரர் ஒருவர் மருந்தை வாங்கிக்கொண்டு கிழக்கே போக வேண்டியவர், கடையைச் சுற்றிக்கொண்டு சந்துக்குள் நுழைவதைப் பார்த்தான். பின்னாலேயே போனான். பின்கட்டு ஜன்னலுக்கு வெளியே நாலு பேர் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவராகப் பாட்டிலைக் கம்பிக்குள் கொடுத்தார்கள். உள்ளேயிருந்து ஈரக் கை ஒன்று வாங்கிக்கொண்டு, ஒரு நல்ல வார்த்தையோடு திருப்பிக் கொடுத்தது. கோயில் சன்னதியில் தேங்காய் கொடுத்து வாங்குகிற மாதிரிதான்.

அன்றே ஆசாரியைக் கூட்டி வந்து ஜன்னலுக்குப் பலகை அடிக்கச் சொன்னான்.

"காத்து வராதுங்களே" என்றான் கைலாசம். கோபப்படவில்லை. கோபப்பட வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. அடுத்த நாளிலிருந்து ஆட்கள் பாட்டிலோடு அவன் வீட்டுக்கே போக ஆரம்பித்தார்கள். காலையில் வெற்றிலைச் செல்லத்தோடு வாசற்படியில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் மருந்தைத் தொட்டுக் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல அவன் கடைக்கு வந்து பாட்டில் கழுவினான்.

இந்தச் சமயத்தில்தான் அர்த்தநாரியின் மகள் செல்லிக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு வயதுக் குழந்தை. சாயங்காலமானால் நடுங்கும், பிறகு உடம்பு தணலாகக் கொதிக்கும். டாக்டர் வந்து பார்த்து மலைக்காய்ச்சல்தான் என்று எழுதிக் கொடுத்தார். அர்த்தநாரி தன் வாழ்நாளில் எந்த மருந்தையும் அப்படிக் கலந்ததில்லை. தராசை இரண்டு முறை துடைத்தான். கசப்பு தெரியாமலிருக்கப் பாகு சேர்த்தான். கோடு வெட்டிய காகிதத்தை நூல் பிடித்த மாதிரி ஒட்டினான். லேபிளில் குழந்தையின் பெயரையும் அதற்குக் கீழே தன் கையெழுத்தையும் மையால் எழுதினான். மகள் பெயரும் தன் பெயரும் ஒரே லேபிளில் இருந்தது அவனுக்குக் கொஞ்சம் தைரியமாகக்கூட இருந்தது.

காய்ச்சல் இறங்கவில்லை. மறுநாளும் வந்தது, அதற்கு அடுத்த நாளும் வந்தது. செல்லி பால் குடிக்க மறுத்தாள். கண்ணைத் திறந்தால் யாரையும் தெரியாதவள்போல விட்டத்தையே பார்த்தாள். கொயினா வேலை செய்ய நாலைந்து நாளாகும் என்று படித்தது அவனுக்கு நினைவிருந்தது. அந்த நினைவால் குழந்தையின் நெற்றி குளிரவில்லை. மனைவி சௌந்திரம் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே இருந்தாள். ஒருமுறை ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"ஏனுங்க..."

"என்ன?"

அவன் கேட்ட விதத்தில் அவள் துணியைப் பிழியக் குனிந்துகொண்டாள். "ஒண்ணுமில்லீங்க."

என்னவென்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அப்படிக் கேட்டான். மறுநாள் கடைக்குப் போனதும் நேரே முதலாளியிடம் நின்றான். ஒன்று கைலாசம், அல்லது நான். சேலத்தில் எனக்கு எந்தக் கடையிலும் இடம் உண்டு என்றான். பாலசுந்தரம் தலையைச் சொறிந்தார். பாஸ் செய்த ஆளைத் தேடிப் பிடிப்பது அவருக்குச் சுலபமில்லை.

"சரி தம்பி. ஆனா என் வாயால முடியாது. அவன் மூஞ்சியப் பாத்து என்னால சொல்ல முடியாது. நாளைக்கிக் காலைல நீங்களே சொல்லிருங்க."

வெயில் ஏறின பிறகு பின்கட்டில் கல்வத்தின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. கைலாசம் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு இடித்தான். நாளைக்கு இந்தச் சத்தம் இருக்காது என்று நினைக்க அர்த்தநாரிக்கு இனித்தது. சந்தோஷம் என்றே சொல்ல வேண்டும். வீட்டில் குழந்தை அப்படிக் கிடக்கையில் இப்படி ஒரு சந்தோஷமா என்று தோன்றவும் செய்தது. தோன்றியதை ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்த்தான்.

பொழுது சாய வீட்டுக்குப் போனான். சௌந்திரம் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். வழக்கமாக நடுக்கம் வருகிற நேரம். செல்லி நடுங்காமல் படுத்திருந்தாள். நெற்றியைத் தொட்டான். வேர்த்திருந்தது. கை வைத்த இடத்தில் சூடு குறைந்திருந்தது. அவளே கண்ணைத் திறந்து, "அப்பா" என்றாள். அவன் கண் கலங்கிவிட்டது. மருந்து கேட்டிருக்கிறது. என் மருந்து கேட்டிருக்கிறது. மாடத்திலிருந்த பாட்டிலைப் பிரியத்தோடு எடுத்தான். விளக்கு வெளிச்சத்தில் அதன் தோளில், லேபிளுக்கு நேர் பின்னால், வெள்ளையாக ஒரு கட்டைவிரல் தடம் தெரிந்தது.

"எப்பப் போன?"

சௌந்திரம் மறைக்கவில்லை. "காலைல, நீங்க கடைக்கிப் போனப்பொறம். அவரு ஊட்டுக்கு."

"என்ன சொன்னான்?"

"மின்னயே கொண்டாந்திருக்கலாமில்ல அம்மிணின்னாருங்க."

அந்த வார்த்தை போய்த் தைத்தது. திமிரைப் பார். என் குழந்தைக்கு, நான் கலந்த மருந்துக்கு, அவனிடம் முன்னாலேயே கொண்டுபோயிருக்க வேண்டுமாம்.

"இது கொயினா. வேலை செய்ய நாலு நாளாகும். இன்னிக்கி எப்படியும் எறங்கியிருக்கும். தெரியுமா உனக்கு?"

"ஆமாங்க."

அவள் மறுத்துப் பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பான். அவள் மறுக்கவில்லை. குழந்தையின் தலையைக் கோதிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"மருந்து உங்க மருந்துதானுங்க. நானு இல்லீன்னு சொல்லலீங்களே. கை மட்டும்தான் அவரு கை."

அவன் ஈரத்துணியை எடுத்தான். ஒரே துடைப்பில் போய்விடும். கடையில் எத்தனையோ பாட்டிலில் துடைத்திருக்கிறான். செல்லி சிணுங்கினாள். அடுத்த வேளை மருந்துக்கு நேரமாகியிருந்தது. சௌந்திரம் சங்கை எடுத்து வைத்துவிட்டு அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணி பாட்டிலுக்குப் பக்கத்தில் போயிற்று. அவன் சுவரைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான். நாளைக் காலையில் சொல்ல வேண்டியது ஒன்று இருந்ததும் நினைவுக்கு வந்தது. துணியைக் கீழே வைத்தான்.

லேபிள் உள்ளங்கைக்குள் இருக்கும்படி பாட்டிலைப் பற்றி ஊற்ற வேண்டும், அப்போதுதான் வழிகிற துளி எழுத்தில் படாது என்பது பட்டணத்தில் முதல் நாள் கற்றுக் கொடுத்த பாடம். பரீட்சையில் அதற்குத் தனி மார்க் உண்டு. அப்படிப் பிடித்தால் விரல்கள் பின்பக்கம் அந்தத் தடத்தின்மேல் போய் விழும். அர்த்தநாரி பாட்டிலின் கழுத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்தான். மூச்சை அடக்கிக்கொண்டு, கோட்டைப் பார்த்து, சங்கில் சாய்த்தான். சௌந்திரம் குழந்தையின் வாயில் மருந்தைப் புகட்டினாள். நிமிர்த்தும்போது ஒரு துளி பாட்டிலின் விளிம்பிலிருந்து வழிந்தது. லேபிளில் மெல்ல இறங்கி, மகளின் பெயரை ஒட்டினாற்போல் கடந்து, அடியில் அவன் கையெழுத்தில் போய் நின்றது. மை கரைந்து பரவிற்று.

பின்பக்கத்துத் தடம் அழியாமல் இருக்கிறதா என்று பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அதை மாடத்தில் வைத்தான்.