முன்னால் போனவரின் கை

இரங்கல் கூட்டத்தில், சிரித்த முகமாய் மாட்டியிருந்த படத்தின் அருகே நின்று சைக்கிள் குழுவின் கேப்டன் தழுதழுத்தார். "ரோட்டைப் பாத்து ஓட்டியிருந்தா இன்னிக்கு நம்மகூட இருந்திருப்பான்."

விபத்தன்று, இறந்துபோன அக்கா கணவருக்குப் பின்னால் ஓட்டிவந்த மைத்துனனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சக்கரத்தோடு சக்கரம் ஒட்டிப் போகும்போது பின்னால் வருகிறவனுக்கு ரோடு எங்கே தெரியும்? பள்ளம் வந்தால், முதலில் போகிற கேப்டன்தான் கையை நீட்டிக் காட்ட வேண்டும். அன்று பள்ளம் வந்தது, கை வரவில்லை.

அவன் எழுந்தான். "உங்க கையை நம்பித்தானே மிதிச்சோம், கேப்டன்? அன்னிக்கு அது எங்க போச்சு?"

கேப்டன் படத்தின் பக்கம் திரும்பி மாலையைச் சரிசெய்தார்.

"நான் சொல்லட்டுமா?" மைத்துனன் படத்தைக் காட்டினான். "போனைத் தூக்கிப் பிடிச்சு இதை எடுத்துக்கிட்டு இருந்துச்சு. மச்சான் உங்க கையைப் பாத்துதான் சிரிக்கிறாரு."