ஹெங்க்குக்கு ஒரு சலங்கை பூஜை

எட்டு வயதுப் பெண் பிள்ளைகள் வரிசையாக நிற்க, அவர்களுக்குப் பின்னால் நாற்பதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரன் சாரோங்கை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலை அகட்டி நின்றால் யார்தான் பார்க்காமல் போவார்கள்? நான் பார்த்தேன். எங்கள் லோரோங்கே, சந்து முழுவதும், பார்த்தது. ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டே பார்த்தார். விநாசித்தம்பி ஐயா வீட்டு முன்கூடத்துச் சன்னலுக்குத் திரை போட்டது அந்த வாரத்தில்தான். திரை மெல்லிசு. அதனால் எங்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

விநாசித்தம்பி ஐயா ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். பஞ்சாங்கத்தைப் புரட்டாமல் முடிகூட வெட்டிக்கொள்ள மாட்டார். மகள் யோகலட்சுமிக்கு அப்போது இருபத்தாறு வயது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து எலக்ட்ரானிக் சில்லுகளைச் சோதிக்கிற வேலை, மதிய ஷிப்ட். காலை நேரத்தில் வீட்டில் பரதம் சொல்லிக் கொடுப்பாள். அவள் தட்டுக்கழியைக் கட்டையில் அடிக்க ஆரம்பித்தால் எதிர்வீட்டில் வெங்காயம் நறுக்குகிற என் கையும் அந்தத் தாளத்துக்கே ஓடும்.

வெள்ளைக்காரன் பெயர் ஹெங்க். ஹாலந்துக்காரன். முதுகில் ஒரு பையோடு ஊர் சுற்றுகிற ஜாதி. ஓர் ஆஸ்திரேலியக் கிழவரின் பாய்மரப் படகில் சம்பளம் வாங்காமல் வேலை செய்து, படகு போகிற நாட்டுக்கெல்லாம் தானும் போய்க்கொண்டிருந்தான். கிழிந்த பாயைத் தைக்க ஆள் தேடித்தான் எங்கள் லோரோங்குக்கு வந்தான், தையல்காரர் ஷேக் அலாவுதீன் கடைக்கு. தைத்து முடியும்வரை சும்மா நிற்க வேண்டியதுதானே? தட்டுக்கழிச் சத்தம் கேட்டு எதிர்ப்பக்கம் போனான். போனவன் மறுநாளும் வந்தான். மூன்றாம் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், எனக்கும் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டான்.

"ஆம்பிளையாள், அதுவும் வெள்ளைக்காரன். ஊர் என்ன சொல்லும் பிள்ளை?" என்றார் ஐயா.

"ஊருதான் சன்னல்லயே நிக்குதே, நீங்களே கேட்டுடுங்கப்பா" என்றாள் யோகா. நான் கறிவேப்பிலை கேட்க வந்ததாகச் சொல்லிச் சமாளித்தேன்.

அவள் ஏன் ஒத்துக்கொண்டாள் என்பதற்கு லோரோங்கில் பல கதைகள் ஓடின. பாதி என்னுடையவை. உண்மை சாதாரணமானது. அவளிடம் வருகிற பிள்ளைகளுக்கு ஆட்டத்தில் ஆசை கிடையாது, அம்மாக்களுக்குத்தான் ஆசை. தானாக வந்து கேட்ட முதல் ஆள் இவன்.

ஆனால் அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது. பள்ளி விடுமுறைக்கு ஈப்போ, தைப்பிங் என்று போய் ஒரு மாதம் கழித்து வருகிற பிள்ளைகளுக்காகப் போட்ட சட்டம். பாடம் விட்டுப்போனால் மறுபடி முதல் அடவிலிருந்து. பேச்சே இல்லை. ஹெங்க்குக்கு இந்தச் சட்டம் எமனாக வந்தது. அவனுடைய விசா பாஸ் முடிந்தால் நாட்டை விட்டு வெளியே போய்த்தான் திரும்ப முடியும். கிழவரின் படகும் ஓரிடத்தில் நிற்காது. நாட்டடவு வரை வருவான், படகு பூக்கெட்டுக்குப் போகும். திரும்பி வந்தால் தட்டடவு. மறுபடி தேறுவான், பாய் விரித்துப் பெலாவான் துறைமுகத்துக்குப் போவார்கள். திரும்பி வந்தால் தட்டடவு.

"டீச்சர், படகு மேல தினம் செஞ்சேன். மழையில கூட" என்று கெஞ்சுவான். அவன் தமிழ் பாதி, ஆங்கிலம் பாதி, நடுவில் சந்தை மலாய்.

"ஆடுற படகுல அரைமண்டி எப்படி நிக்கும்? கால் பூரா கெட்டுப் போயிருக்கு. தெய்யா தெய், ஆரம்பிங்க."

கூட ஆரம்பித்த பிள்ளைகள் அவனைத் தாண்டிப் போனார்கள். ஜெயலெட்சுமியின் மகள் சந்திரிகா, பல் விழுந்த வாயோடு, "அங்கிள், முட்டியைத் தொறங்க லா" என்று திருத்துவாள். அவன் ஒட்டகம் மாதிரி உயரம். முட்டியைத் திறந்தால் முதுகு வளையும், முதுகை நிமிர்த்தினால் முட்டி மூடும். யோகா கழியைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் பிசைவாள். ஆனால் ஒரு நாள்கூட அவனை வராதே என்று சொன்னதில்லை. அவனும் விட்டதில்லை.

அந்த வருடம் தீபாவளிக்குப் பிறகு ஹெங்க் ஒரு செய்தியோடு வந்தான். வடகிழக்குக் காற்று பிடித்ததும் கிழவர் படகை ஒரேயடியாக மேற்கே எடுக்கிறார். கொச்சி, அப்புறம் செங்கடல். காற்று ஒரு பக்கமாகத்தான் அடிக்கும், திரும்பி வர வழியில்லை. போவதற்குள் சலங்கை கட்டிக்கொள்ள வேண்டும் என்றான்.

சலங்கை என்றால் கடையில் வாங்கி மாட்டிக்கொள்கிற சாமான் இல்லை. அடவு எல்லாம் முடித்த பிறகு, நடராஜர் முன்னால் பூஜையில் வைத்து, குரு தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதுவரை காலில் மணி ஏறாது.

"கொச்சிக்குத்தானே போறே? அங்க போய்க் கட்டிக்கோயேன், எவ்வளவோ டீச்சர் இருக்காங்க" என்று நானே கடையோர ஐந்தடி நடைபாதையில் மறித்துக் கேட்டேன்.

"என் டீச்சர் இங்க, அக்கா" என்றான். என்னை விட அவனுக்கு வயது கூட. இருந்தாலும் அக்கா என்றது எனக்குப் பிடித்திருந்தது.

கடைசிப் பாடமான தீர்மான அடவை முடித்தால் கார்த்திகைக்குள்ளேயே பூஜை என்று யோகா வாக்குக் கொடுத்தாள். மதராஸிலிருந்து அவன் காலுக்குத் தக்கபடி பெரிய வாரில் கோத்த சலங்கையும் வந்து, சாமி அறையில் உட்கார்ந்தது. அந்த முறை அவன் எந்தக் கடலுக்கும் போகவில்லை. பாடம் விட்டது அவன் இல்லை, அவள். வருடக் கடைசி ஏற்றுமதி என்று தொழிற்சாலையில் ஓவர்டைம் போட்டார்கள். காலை பத்து மணிக்கே பஸ் வந்து அவளை அள்ளிக்கொண்டு போனது. ஹெங்க் பூட்டிய கதவுக்கு வெளியே ஐந்தடியில் தனியாகக் குதித்துக்கொண்டிருந்தான். தபால்காரர் கூடச் சுற்றிக்கொண்டு போனார்.

ஓவர்டைம் முடிந்து, ஒரு வழியாகத் தீர்மான அடவும் முடிந்தபோது மார்கழி பிறந்துவிட்டது.

"மார்கழியில நல்ல காரியம் ஏது?" என்று ஐயா பஞ்சாங்கத்தை மூடினார். "தை பிறக்கட்டும்."

ஹெங்க் படகுக்கு ஓடினான். கிழவர் கத்தினாராம், தகர டம்ளரைக் கடலில் வீசினாராம். அப்புறம் பொங்கல் வாரம் வரை பொறுப்பதாகச் சொன்னாராம். தை முதல் வெள்ளிக்கிழமைக்குப் பூஜை என்று முடிவாயிற்று. வெற்றிலை பாக்கு, ஒரு மாலை, கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல். கால் மணி நேரக் காரியம்.

இந்த இடத்தில்தான் ஜெயலெட்சுமி நுழைந்தாள். சந்திரிகாவின் அம்மா, மாதர் சங்கத்துக்குச் செயலாளர். எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. நாலு பேர் கூடுகிற இடத்தில் ஒரு வை.பி. தலைமை தாங்காவிட்டால் நிகழ்ச்சி நடந்ததாகவே கணக்கில்லை. வை.பி. என்றால் சட்டமன்ற உறுப்பினர். அவர் வந்து, மாலை வாங்கி, பொன்னாடை வாங்கி, தமிழர் பண்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டுப் போனால்தான் பிள்ளை ஆடியது ஆட்டம்.

"வெள்ளைக்காரன் பரதம் ஆடறான் யோகா, சும்மாவா? பேப்பர்ல போடுவாங்க லா. சந்திரிகாவுக்கும் மத்த பிள்ளைங்களுக்கும் சேத்தே பண்ணிடுவோம். ஹால் எடுப்போம், வை.பி.யைக் கூப்பிடுவோம்."

"அக்கா, அவர் படகு போயிடும்."

"வெள்ளிக்கிழமைதானே? வை.பி. கிட்ட நான் பேசறேன். எனக்குத் தெரிஞ்சவருதான்."

ஐயாவுக்கும் உள்ளூர ஆசை. ரயில்வேயில் முப்பது வருடம் இருந்தும் ஒரு வை.பி.யோடு போட்டோ பிடித்ததில்லை. அழைப்பிதழ் அச்சுக்குப் போயிற்று. நான் பிழை பார்த்துக் கொடுத்தேன், அழகாக இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் ஜெயலெட்சுமி லோரோங்கில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். வை.பி. தைப்பூச வேலைகளில் இருக்கிறாராம். தண்ணீர்ப் பந்தல் திறப்புகளே நிறைய இருக்கிறதாம். தைப்பூசம் முடிந்து, பிப்ரவரிக் கடைசி ஞாயிறு என்றால் நிச்சயம் வருவாராம்.

"சரி, அப்ப வை.பி. வேணாம். நாளைக்கே வீட்ல பண்ணிடலாம்" என்றாள் யோகா.

"அவருகிட்ட சரின்னு சொல்லிட்டேனே! கூப்பிட்டுட்டு அவர் இல்லாம பண்ணினா அவமரியாதை. நாளைக்கு சங்கத்துக்கு ஏதாவது வேணும்னா யாருகிட்ட போய் நிக்கிறது?"

யோகா அப்பாவைப் பார்த்தாள். ஐயா பஞ்சாங்கத்தைப் பார்த்தார். பிப்ரவரிக் கடைசி ஞாயிறும் நல்ல நாள்தான் என்றார்.

அன்று மாலை ஹெங்க்கிடம் இதைச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவன் கத்தவில்லை. ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டான்.

"அந்த வை.பி. டான்ஸ் டீச்சரா?"

"இல்லை."

"சாமியாரா?"

"இல்லை ஹெங்க்."

"அப்புறம் ஏன் அவர்?"

பதில் எனக்குத் தெரியும், ஆனால் அதை எந்த மொழியில் சொல்வது?

அடுத்த புதன்கிழமை மூன்று மணிக்குப் படகு. கிழவர் இனி ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டார், வேறு ஆள் தயாராக இருக்கிறான் என்று சொல்லிவிட்டாராம். புதன் மதியம் பன்னிரண்டரை வாக்கில் ஹெங்க் முதுகில் பையோடு விடைபெற வந்தான். லோரோங்கில் ஆள் நடமாட்டம் இல்லை, எல்லாரும் சாப்பாட்டில். என் வீட்டுக்காரர் அய்யாக்கண்ணு இலையில் உட்கார்ந்திருந்தார். நான் ரசத்தை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.

யோகா தொழிற்சாலை நீலச் சட்டையில், கழுத்தில் பெயர் அட்டை தொங்க, பஸ்ஸுக்குத் தயாராக நின்றாள். அவன் வாசலிலேயே நின்று கையைக் கூப்பினான். "டீச்சர், போறேன்" என்றான்.

அவள் அவனை நெடுநேரம் முறைத்தாள். யார் மேல் கோபம் என்று எனக்கே புரியவில்லை.

"என்ன வாசல்ல நிக்கறீங்க? பையை இறக்குங்க. போய்க் கால் கழுவிட்டு வாங்க."

உள்ளே ஐயாவின் சத்தம்: "பிள்ளை! இப்ப ராகு காலம்!"

"படகுக்கு அது தெரியாதுப்பா."

"வை.பி.க்கு என்ன சொல்றது?"

"வை.பி. ஆடப் போறாரா?"

ஐயா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். தடுக்கவும் இல்லை, கூட நிற்கவும் இல்லை. அவள் சாமி அறையில் கற்பூரம் ஏற்றினாள். மாலை இல்லை, பொங்கல் இல்லை. தொட்டியில் பூத்த ஒரு செம்பருத்தியை நடராஜர் காலடியில் வைத்தாள். சலங்கையை எடுத்து நீட்டினாள். அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து கட்டினான். பாய்க் கயிற்றில் ஆயிரம் முடிச்சுப் போட்ட கை, அந்த வாரைக் கட்டத் தெரியாமல் தடுமாறியது. அவளே குனிந்து இழுத்துக் கட்டினாள்.

லோரோங் முனையில் தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்தது.

"ஒரு தடவை?" என்றான் அவன்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். கழியை எடுத்தாள்.

அழகாக ஆடினான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மூன்றாவது சுற்றிலேயே கால் மாறிவிட்டது. "நிறுத்துங்க!" என்று கத்தினாள். "இதுக்குத்தானா இவ்வளவு பாடு? இன்னும் உக்காருங்க. இன்னும்! முதுகு!" பஸ் இரண்டாவது தடவை அடித்தது. மறுபடி ஆரம்பித்தார்கள். மூன்றாவது ஹாரன் நீளமாகக் கேட்டு, அப்படியே பஸ்ஸோடு பெரிய ரோட்டுப் பக்கம் தேய்ந்துபோனது. அவள் கழி நிற்கவில்லை. அந்த முறை அவன் கடைசி வரை வந்தான். முட்டி பாதிதான் திறந்தது, ஆனால் மணி சத்தம் கழிக்குச் சரியாக விழுந்தது. இலையில் இருந்த என் வீட்டுக்காரர்கூடக் கையை உதறிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

அவள் காலைத் தொட்டு எழுந்தவன், பையை மாட்டிக்கொண்டு அப்படியே ஜல் ஜல்லென்று தெருவில் இறங்கினான்.

"கழட்டுங்க!" யோகா வாசலுக்கே ஓடி வந்தாள். "சலங்கையைக் கட்டிக்கிட்டு ரோட்டுல நடக்கறதா? அறிவிருக்கா?"

அவன் ஐந்தடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றித் துண்டில் சுற்றினான். நிமிர்ந்தபோது முகம் நனைந்திருந்தது. வேர்வை என்று நான் வைத்துக்கொண்டேன். மூன்று சக்கரத் திரிஷா வண்டியில் ஏறிப் போனான்.

யோகா கடிகாரத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணே, பாயான் லெப்பாஸ் வரைக்கும் கொண்டு விடுறீங்களா? சூப்பர்வைசர் கிழிச்சிடுவா." என் வீட்டுக்காரர் எச்சில் கையைக் கழுவிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

அதற்குள் ஜெயலெட்சுமி வந்துவிட்டாள். "என்ன சலங்கை சத்தம்? யாரு?"

சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா? சொல்லச் சொல்ல அவள் வாய் திறந்துகொண்டே போனது.

"நான் கார்டு குடுத்து முடிச்சுட்டேனே! யோகா, நில்லு. யாருக்கு சலங்கைன்னு வை.பி. கேட்டா நான் யாரைக் காட்டுறது?"

யோகா பின்னால் ஏறி உட்கார்ந்து, ஹெல்மெட்டின் வாரை இறுக்கினாள். "உங்க மகளைக் காட்டுங்க. நல்லா ஆடுது. போங்கண்ணே, நேரமாச்சு."

வண்டி போய்விட்டது. ஜெயலெட்சுமி நடுத் தெருவில் வெயிலில் நின்றாள், யாரைத் திட்டுவது என்று தெரியாமல். எனக்கு அடுப்பில் குழம்பு இருந்தது. இருந்தாலும் அவள் எவ்வளவு நேரம் அப்படியே நிற்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.