மேவிஸ் தர்லோவின் ஆறாத முகம்

ஊர்க் கண்காட்சியில் ஜாமுக்கு முதல் பரிசு வாங்கிய மதியம் மேவிஸ் தர்லோவின் முகம் சிவந்தது. அப்புறம் அந்தச் சிவப்பு ஆறவே இல்லை. சாயங்காலத்துக்குள் சூடும் சேர்ந்துகொண்டது. கண்காட்சிக் கூடாரத்துக்குள் அவள் போன பக்கமெல்லாம் தட்டுகளில் வெண்ணெய் உருகி வழிந்தது. அது 1974 செப்டம்பர். அப்படியொன்றும் வெயில் கிடையாது.

காரணம் எங்கள் லிட்டில் பிராம்விக் கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்று காலை மேவிஸ் காய்ச்சிய டாம்சன் பழ ஜாம் அடிப்பிடித்துவிட்டது. போட்டிக்குப் பெயரைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போவதா என்று, டவுனில் வாங்கிய ஜாமைத் தன் பாட்டிலில் மாற்றி, கட்டம் போட்ட துணியால் வாயைக் கட்டி, போட்டி மேஜையில் வைத்துவிட்டாள். வேலியைத் தள்ளிப் போட்டு அடுத்தவன் நிலத்தைத் தின்றவனைக்கூட எங்கள் ஊர் மன்னிக்கும். கடை ஜாமை மன்னிக்காது. போதாக்குறைக்கு, இரண்டாம் பரிசோடு நின்றவள் பக்கத்து வீட்டு ஆட்ரி பிம். அவள் புருஷன் லென் நட்ட டாம்சன் மரம் அந்த வருஷம்தான் முதன்முதலாகக் காய்த்தது. லென் அதைப் பார்க்காமல் ஏப்ரலிலேயே போய்ச் சேர்ந்திருந்தான். முதல் பரிசு அட்டையை அவன் கல்லறையில் வைக்க வேண்டும் என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள் ஆட்ரி.

யாராவது மேவிஸிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? கேட்டுவிட்டால் நாங்கள் இங்கிலீஷ்காரர்களா என்ன! டிசம்பரில் ஊரெல்லாம் பனி மூடிக் கிடக்க, அவள் கூரை மட்டும் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. தபால் ஆபீஸ் வரிசையில் அவள் பின்னால் நிற்கப் போட்டி.

"இந்த வருஷம் குளிர் அவ்வளவா இல்ல, பாத்தீங்களா?"

"ஆமாமா, பரவால்ல."

சர்ச்சில் பாதிரியார், "மிஸஸ் தர்லோ, நடு பெஞ்சுல உக்காருங்களேன், எல்லாருக்கும் சௌகரியமா இருக்கும்" என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. அவளுடைய வெட்கத்தில் குளிர் காய்ந்தவர்கள் நாங்கள். நினைத்தால் கேவலமாக இருக்கிறது.

மேவிஸ் வாளித் தண்ணீரில் முகத்தை முக்கிப் பார்த்தாள், தண்ணீர்தான் கொதித்தது. ஆட்ரியிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவள் வாசல்வரை போவாள், ரோஜாச் செடியைப் பற்றி நாலு வார்த்தை பேசுவாள், திரும்பிவிடுவாள். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. மூன்றாவது குளிர்காலத்தில் ஆட்ரி நெஞ்சுச் சளியோடு படுக்கையில் விழுந்த பிறகுதான் மேவிஸ் உள்ளே போனாள்.

"ஆட்ரி, அந்த ஜாம்..."

"கடை ஜாம். நாக்குல வெச்சதுமே தெரிஞ்சுபோச்சுடி. எங்க லென் மரத்தைப் போயும் போயும் அதுகிட்ட தோக்க வெச்சுட்டியே."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். நீதான் என் ரோஜாவையே பாத்துட்டுப் போறவளாச்சே."

மேவிஸ் அழுதாள். கண்ணீர் கன்னத்தைத் தாண்டும் முன்பே ஆவியாகிப் போனது. "என்னை மன்னிச்சிடேன், ஆட்ரி."

ஆட்ரி போர்வைக்குள் காலை மடக்கி இடம் விட்டாள்.

"மன்னிச்சு, உன் மூஞ்சி ஆறிப்போச்சுன்னா என்ன பண்றது? பிப்ரவரிக் குளிர் முழுசாக் கெடக்கு. வா, கால்மாட்டுல உக்காரு."

மேவிஸ் உட்கார்ந்தாள். ஆட்ரி அதற்கப்புறம் ஐந்து குளிர்காலம் இருந்தாள். கடைசிவரை மன்னிக்கவில்லை. மேவிஸும் ஒருநாள்கூடப் போகாமல் இருந்ததில்லை.