பாதி விலை டிக்கெட்

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற அக்காவின் கணவருக்கு ஏதாவது மலிவாகக் கிடைத்துவிட்டால் தலைகால் புரியாது. பஸ் கம்பெனியில் நேர அட்டவணை போடுகிறவர். எந்த பஸ் எந்த நிமிஷம் எங்கே நிற்க வேண்டும் என்று எழுதி எழுதிக் கை காய்த்தவர். ஆனால் தள்ளுபடி என்ற வார்த்தையைக் கண்டால் போதும், கடிகாரம், காலண்டர் எல்லாம் மறந்துபோகும். அக்காவின் தம்பி அவருக்கு வைத்த பெயர் சல்லிசு மாமா.

கணவனும் மனைவியும் மூன்று மாதம் ஊர் நீச்சல்குளத்தில் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஸ்கூபா பழகியிருந்தார்கள். இனி கடல்தான் பாக்கி.

“ஏம்மா, இங்க வா! தீவுக்கு டிக்கெட் பாதி விலைக்கு விழுந்திருக்கு!”

அவள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் போனைப் பார்த்தாள். எலும்பில் மயிரிழை விரிசலையும் கண்டுபிடிக்கிற கண் அது.

“விழுந்தது டிக்கெட் இல்லீங்க, நீங்கதான். இந்த விமானம் தீவுக்கே போகல. எதிர்க்கரையில இருக்கற ஊர்ல இறக்கி விட்டுடும். நடுவுல ஒரு ஊர்ல வேற மாறணும். பெட்டிக்குத் தனிக் காசு, படகுக்குத் தனிக் காசு. நான் பார்த்து வச்ச டிக்கெட் நேரா தீவுலயே இறங்குது.”

“விலை ரெண்டு மடங்கு!”

“மொத்தமா எவ்வளவு ஆகுதுன்னு பாருங்க.”

“மொத்தம் மொத்தம்னு பார்த்தா மனுஷன் வீட்டை விட்டே கிளம்ப முடியாது.”

பேச்சு வளர்ந்து, சாப்பிட வந்த தம்பியின் முன்னால் பந்தயமாக முடிந்தது. இருவருக்கும் ஒரே தொகை. அவரவர் டிக்கெட்டில் அவரவர் போக வேண்டும். ஊர் திரும்பும்போது யார் கையில் அதிகம் மிஞ்சுகிறதோ, அடுத்த வருஷப் பயணம் அவர் சொன்னபடி. லிப்ட் மெக்கானிக்கான தம்பிதான் நடுவர். “ரெண்டு பேரும் எனக்கு வேண்டியவங்க. அதனால யார் தோத்தாலும் சிரிப்பேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான்.

கிளம்பிய சனிக்கிழமை காலை, விமான நிலையத்தில் அடுத்தடுத்த வரிசையில் நின்றார்கள். மாமாவின் பையை எடை போட்ட பெண், நாலு கிலோ கூடுதல் என்றாள். அதற்கு அவள் சொன்ன கட்டணத்தைக் கேட்டு மாமாவின் முகம் சுருங்கிப்போனது. ஒதுங்கிப் போய்ப் பையைத் திறந்தார். கடலுக்கடியில் போடுகிற கறுப்பு ரப்பர் உடையை எடுத்துக்கொண்டு கழிவறைக்குள் நுழைந்தார்.

திரும்பி வந்தபோது சட்டைக்குள்ளே அவர் பிதுங்கிக்கொண்டிருந்தார். காலை மடக்க முடியாமல் விறைப்பாக நடந்துவந்தார். பின்னால் நின்ற ஒரு பெரியவர், “முதுகுல ஏதும் ஆபரேஷனா தம்பி?” என்று பரிவோடு கேட்டு இடம் விட்டார். அக்கா சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் அவளுக்கு விக்கல் எடுத்தது.

“சிரிக்காதே. நாலு கிலோவும் மிச்சம்” என்றார் அவர், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி.

“நான் எங்க சிரிச்சேன்? ஜிப்பு இன்னும் கொஞ்சம் மேல ஏத்திக்குங்க, சளி பிடிச்சுடப் போகுது.”

அன்று மாலையே அவள் தீவில் இருந்தாள். ஞாயிறு காலை முதல் முறை கடலுக்குள் இறங்கினாள். மஞ்சள் மீன் கூட்டமொன்று அவளைச் சுற்றிக்கொண்டு, இது யார் புதுசு என்பதுபோல் பார்த்தது. மேலே வந்ததும் அவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்போல இருந்தது. போன் செய்தால், அவர் எதிர்க்கரையில் விடுதி அறையில் உட்கார்ந்திருந்தார்.

“ஞாயித்துக்கிழமை படகு கிடையாதாம்.”

“அட்டவணை பார்க்கலையா?”

அவர் போனை வைத்துவிட்டார்.

திங்கள் மதியம் அவர் வந்து சேர்ந்தார். அதற்கப்புறம் மூன்று நாள் இருவரும் சேர்ந்தே முங்கினார்கள். தண்ணீருக்கடியில் பேச முடியாதென்பதால் சண்டையும் இல்லை. வெள்ளிக்கிழமை மறுபடி வம்பு. ஸ்கூபா முங்கினால் பதினெட்டு மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. அவருடைய விமானம் சனி விடிகாலை. அதனால் வெள்ளிக்கிழமை முங்குவதற்குக் கட்டிய பணம் போனது போனதுதான். படகேறினார். அவளோ அன்று காலையில் ஆமையோடு நீந்தினாள்.

சனி இரவு அக்கா வீட்டில் இருந்தாள். மாமாவைக் காணோம். அவருடைய விமானத்தில் கோளாறாம், திங்கள் மாலைதான் அடுத்தது. திங்களன்று நோயாளிகளை, “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்று நிறுத்திக்கொண்டிருந்தபோது அவள் போனில் ஒரு படம் வந்தது. பெரிய ஹோட்டல், நீச்சல்குளம், நடுவில் மாமா, கையில் இளநீர். எல்லாம் விமானக் கம்பெனி செலவு. டிக்கெட் பணமும் திரும்பி வருமாம்.

“நல்லா இருப்பார்” என்று அவள் பல்லைக் கடித்ததில் நோயாளி பிடித்திருந்த மூச்சை விட்டுவிட்டார்.

மாமா வீடு வந்து சேர்ந்ததும் தம்பி கூட்டிக் கழித்துப் பார்த்தான். மாமாவிடம் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு அதிகமாக இருந்தது.

“இது அநியாயம்! விமானம் கெட்டுப்போனது இவர் சாமர்த்தியமா?” என்று அக்கா எகிறினாள்.

“விதியில அது இல்லையேக்கா. மாமா ஜெயிச்சாச்சு. சொல்லுங்க மாமா, அடுத்த வருஷம் எப்படி?”

மாமா தொண்டையைச் செருமினார். பாதி விலைப் பெருமையைப் பாடப்போகிறார் என்று அக்கா காத்திருந்தாள். பாடவில்லை.

“ரெண்டு நாள் அந்தக் குளத்தையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன்” என்றார் மெதுவாக. “பேச ஆளில்ல. நீ ஆமை பார்த்தப்போ நான் படகுல வாந்தி எடுத்துட்டிருந்தேன். அடுத்த வருஷம்... உன் டிக்கெட்டையே ரெண்டாப் போட்டுடேன்.”

அக்காவுக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனாலும் அதைக் காட்டிக்கொள்ள அவளுக்கென்ன பைத்தியமா? காதருகே கையைக் குவித்துக்கொண்டாள்.

“என்னது? சரியாக் கேக்கல. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”