ஒரேயடியாக விட்ட பிரேக்

உலக மருத்துவத்தின் பெரும் பிழையைக் கண்டுபிடித்தவர் என் சித்தப்பா. பிரஷர் இறங்கிய பிறகும் மாத்திரை சாப்பிடுவது, ஊர் வந்த பிறகும் பஸ்ஸை விட்டு இறங்காததற்குச் சமம் என்று அறிவித்து, இதயத் துடிப்பைத் தணிக்கும் தன் பீட்டா பிளாக்கர் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினார். அதே மாத்திரை சாப்பிடும் சித்தி, தினமும் கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணுவாள்.

“உன் கையை நீயே பிடிச்சுக் கல்யாணம் பண்ணிக்கிறியா?” என்பார் சித்தப்பா.

மூன்றாம் நாள், ஏழாவது மாடியில் லிஃப்ட் பழுது பார்க்கும்போது, லிஃப்ட் மெக்கானிக்கான அவருக்கு நெஞ்சு படபடத்து இறுகியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

“லிஃப்ட் பிரேக்கைத் திடீர்னு கழட்டுவீங்களா?” என்றார் டாக்டர்.

“கழட்டினா ஆள் காலி சார்.”

“இது இதயத்தோட பிரேக். குறைக்கணும்னா நான்தான் படிப்படியா குறைப்பேன். விட்டதுக்கும் சேர்த்து ரெண்டா போடாதீங்க. நாடி அம்பதுக்குக் கீழ இருந்தா, போடுறதுக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணுங்க.”

வீடு திரும்பிய மறுநாள் காலை, சித்தி அடுப்படியில் இருந்தாள். சித்தப்பா சுவர்க் கடிகாரத்துக்கு நேரே, தன் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

“மணி என்ன சித்தப்பா?” என்றேன்.

“அறுபத்திரண்டு” என்றார்.