நல்ல ரீடிங்

"ஏட்டி கனி, நீர்மாலைக்கு நேரமாச்சு, குடத்தை எடு" என்று வாசலிலிருந்து அத்தை கத்தியபோது செல்லக்கனி அப்பாவின் காக்கிச் சட்டையை உதறிக்கொண்டிருந்தாள். பையில் ஒரு சீப்பு இருந்தது, பஸ் டிக்கெட் இருந்தது. அவள் எழுதிய இன்லண்ட் லெட்டர் மட்டும் இல்லை.

"யம்மா, என் லெட்டர் வந்துச்சா?"

அழகுத்தாய் சுவரோடு சாய்ந்திருந்தாள். "புதன்கிழமையே வந்துச்சு. மில்லுல வச்சுப் படிச்சுக்கிடுதேன்னு எடுத்துட்டுப் போனாவ. அதுல என்னட்டி எழுதியிருந்தே?"

"ஒண்ணுமில்லம்மா."

ஒன்றுமில்லையாம்! அதில் ஒவ்வொரு வரியும் அவளுக்கு மனப்பாடம்.

அப்பா தவசிமுத்து ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஜெனரேட்டர் ஆபரேட்டர். இருபத்திரண்டு வருஷமாக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் போய்வந்தவர். நேற்று சாயங்காலம் இறங்க வேண்டிய ஸ்டாப்பில் இறங்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்துக் கண்டக்டர் தோளைத் தட்டியிருக்கிறார். ஹாஸ்டலுக்கு போன் வந்து, செல்லக்கனி விடியற்காலையில் வந்து இறங்கினாள்.

கோயம்புத்தூரில் அவள் எம்.இ. படிக்கிறாள். கரண்ட் போய் மில் ஜெனரேட்டரில் ஓடும்போது மிஷின்கள் எல்லாம் ஒன்றாக லோடை இழுத்தால் வேகம் எவ்வளவு விழும், எப்படித் தள்ளாடி நிலைக்கு வரும் என்று சமன்பாடு எழுதி, கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்ட வேண்டும். அதுதான் புராஜெக்ட். கணக்கு சரிதானா என்று பார்க்க நிஜ மிஷினின் ரீடிங் வேண்டும். அதற்கு வேறெங்கே போவாள்? "லோடு ஏத்தும்போது ரெண்டு செகண்டுக்கு ஒருக்கா, வேகம் காட்டுற மீட்டர்ல முள்ளு எதுல நிக்குதுன்னு குறிங்கப்பா. நல்ல ரீடிங்கா எடுத்து அனுப்புங்க" என்று எழுதினாள்.

வந்தது. 50, 49.9, 50, 50, 50.

தாளைப் பார்த்து புராஜெக்ட் கைடு சிரித்தார். "எந்த ஜெனரேட்டரும் இப்படி நிக்காதும்மா. வீட்டுல உக்காந்து எழுதினதா?" கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அந்த ஆத்திரத்தில் அன்றைக்கே இன்லண்டில் எழுதிப் போட்டாள்: 'தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாம். பொய் எழுதி என் மானத்தை வாங்கிட்டீங்க.'

படித்தாரா, படிக்காமலே போய்விட்டாரா? அது தெரிந்தால் போதும் அவளுக்கு. படித்திருக்கக் கூடாது, கடவுளே, படித்திருக்கவே கூடாது.

நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்து அப்பாவைக் குளிப்பாட்டி முடித்த நேரத்தில் மில்லிலிருந்து சங்கரலிங்கம் மாலையோடு வந்தார். அப்பாவோடு ஒரே ஷிப்டு. மாலையைப் போட்டுவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். செல்லக்கனி அவரைப் பின்பக்கம் கூட்டிப்போனாள்.

"மாமா, அப்பா என் லெட்டரைப் படிச்சாவளா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். "படிச்சாவ தாயி. எனக்கும் வாசிச்சுக் காட்டுனாவ."

அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "கோவப்பட்டாவளா?"

"கோவமா? பயந்துல்லா போயிட்டாவ! 'அம்புட்டுத் தூரத்துல இருந்துக்கிட்டு புள்ள எப்படிவே கண்டுபிடிச்சா?'ன்னு கேட்டாவ."

"அப்ப பொய்தானா அது?"

"ஐயய்ய, முள்ளு அங்கனதான் நின்னுச்சு. பார்த்து எழுதுனதே நான்தான். அவிய என்ன செஞ்சாவன்னா, டீசல் லீவர்ல கையை வச்சுக்கிட்டு, லோடு ஏறதுக்கு முந்தியே ஒரு மயிரிழை தூக்கிட்டாவ. முள்ளை அசையவே விடல. 'புள்ள நல்ல ரீடிங் கேட்டிருக்கா, அம்பதுலயே நிக்கணும், மார்க்கு கொறஞ்சிரப்படாதுல்லா'ன்னாவ."

செல்லக்கனியின் சமன்பாட்டில் டீசல் இருந்தது, சக்கரத்தின் எடை இருந்தது, வேகத்தைச் சரிசெய்யும் கவர்னரின் தாமதம் இருந்தது. லீவரில் ஒரு கை இருக்கும் என்று அவள் எழுதவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பொறவு நேத்து மத்தியானம் கரண்ட் போச்சு. 'வாரும், திரும்ப எடுப்போம், இந்தத் தடவை கை வைக்கல'ன்னாவ. ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு நின்னாவ, பாத்துக்கோ. லோடு ஏறுச்சு, ஜெனரேட்டர் செட்டு முக்குது, லைட்டெல்லாம் மங்குது. அவிய மூஞ்சியைப் பார்க்க முடியல. சூப்பர்வைசர் ஓடியாந்து எம்புட்டு ஏச்சு ஏசுனாரு! வாயே தொறக்கல." சங்கரலிங்கம் சட்டைப்பையில் துழாவினார். "தபால்ல போடச் சொல்லிக் குடுத்தாவ."

நாலாக மடித்த தாள். 50, 47.6, 46.9, 48.8, 51.4, 50.9, 49.5, 50.2, 50. விழுந்து, எழுந்து, தாண்டி, அடங்கியிருந்தது. மூன்று மாதமாகக் கம்ப்யூட்டரில் அவள் வரைந்து வைத்திருந்த அதே வளைவு.

கீழே அப்பாவின் கோணல் எழுத்து: 'கனி, இது கை வைக்காமல் எடுத்தது. ரீடிங் நல்லா வரவில்லை. அப்பா மேல் கோவிச்சுக்காதம்மா.'

"வாய்க்கரிசி போட வாட்டி" என்று உள்ளிருந்து கூப்பிட்டார்கள்.

அத்தை அவள் கையில் அரிசியை அள்ளிக் கொடுத்தாள். அப்பாவின் கைகளை நெஞ்சின் மேல் வைத்து, பெருவிரல் இரண்டையும் துணிக்கிழிசலால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நகக்கண்களில் கறுப்பு அப்படியே இருந்தது.

"போடுட்டி, நேரமாவுதுல்லா" என்றாள் அத்தை.

செல்லக்கனி அரிசியை மடியில் கொட்டிக்கொண்டு, குனிந்து, அந்தக் கட்டின் முடிச்சைத் தேடினாள்.